இல்லாத அரிசிக் கப்பலும் இல்லாத காப்புறுதியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் ஓட்டும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு பத்தாம் தர விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. பிரித்தானிய இலக்கம். எடுத்தால் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, என்னிடம் வரலாறு படித்தவன். இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் சில வருடங்கள் ஆகின்றன. பெயர் வேண்டாம். அவன் அனுமதி தந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

"சேர், வாப்பாக்கு மட்டும் சொல்லிட வாணாம்" என்றுதான் தொடங்கினான்.

கதை இதுதான். இரவு வேலைக்குப் போக பஸ் இல்லை என்று பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அங்கே சாரதிப் பரீட்சை எழுதி, இரண்டாவது தடவையில் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். காப்புறுதிக்கு இணையத்தில் விலை பார்த்தால் வருடத்துக்கு 2,000 பவுணுக்கு மேல் கேட்கிறார்கள். வயது இருபத்து மூன்று, அனுமதிப்பத்திரம் புதிது, அதனால் அந்த விலை. எங்கள் நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நான் தரகர், 650 பவுணுக்கு எடுத்துத் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். தமிழில் பேசியிருக்கிறார், "தம்பி, தம்பி" என்று. பணத்தைத் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு அனுப்பியதும் ஒரு பிடிஎஃப் வந்திருக்கிறது. பெரிய கம்பனியின் சின்னம், காப்புறுதி இலக்கம், கார் இலக்கம் எல்லாம் சரி.

பிள்ளை புத்திசாலிதான். அன்றைக்கே இணையத்தில் கார் இலக்கத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். "காப்புறுதி உண்டு" என்றே வந்திருக்கிறது. நான்கு மாதம் நிம்மதியாக ஓட்டியிருக்கிறான். ஒரு விடியற்காலை வேலை முடிந்து வரும்போது பொலிஸ் கமெரா அவன் இலக்கத்தைப் பிடித்துவிட்டது. நிறுத்தினார்கள். பிடிஎஃபைக் காட்டினான். பொலிஸ்காரர் கம்பனியுடன் பேசிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: இந்தக் காப்புறுதி எடுத்த இரண்டாவது வாரமே இரத்துச் செய்யப்பட்டிருக்கிறது.

காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 300 பவுண் தண்டம். அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகள். அங்கே 1995இல் வந்த ஒரு சட்டத்தின்படி, முதன்முதலாகச் சித்தியடைந்து 2 வருடத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே ரத்து. மறுபடியும் கற்போர் அனுமதிப்பத்திரம், மறுபடியும் எழுத்துப் பரீட்சை, மறுபடியும் ஓட்டப் பரீட்சை. கார் இல்லை, அனுமதி இல்லை, இரவு வேலைக்குப் போக வழியும் இல்லை. இனிமேல் எந்தக் கம்பனியில் காப்புறுதி கேட்டாலும் "காப்புறுதி இல்லாமல் ஓட்டியவர்" என்ற பதிவு முன்னால் வந்து நிற்கும்.

"நான் ஏமாந்தவன் சேர். என்ன கள்ளன் மாதிரிப் பாக்கிறாங்க" என்றான்.

அந்த நாட்டுச் சட்டத்தில், தெரிந்து ஓட்டினாயா தெரியாமல் ஓட்டினாயா என்பது கேள்வியே இல்லை. வண்டிக்குக் காப்புறுதி இருந்ததா, இல்லையா? அவ்வளவுதான்.

கடைசியில் அவன் கேட்ட கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. "சேர், நீங்க எல்லாத்துக்கும் ஒரு வரலாறு ஈக்கிண்டு சொல்லுவீங்களே. இதுக்கும் ஈக்கா?"

இருக்கிறது மகன். அதில் பெரிய பாத்திரம் எங்கள் நாட்டுக்காரர் ஒருவருடையது.

*

முதலில், இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிரித்தானியாவில் இவர்களைப் "பேய்த் தரகர்கள்" என்கிறார்கள். தேவை வரும்போது தேடினால் இருக்க மாட்டார்கள், அதனால் அந்தப் பெயர். இவர்களின் வழி மூன்று.

ஒன்று, காகிதத்தையே போலியாகச் செய்வது. கம்பனிக்கு எதுவும் தெரியாது.

இரண்டு, உண்மையான கம்பனியில் பொய் விபரம் கொடுத்து எடுப்பது. ஓட்டுகிறவனுக்கு இருபது வயது, விண்ணப்பத்தில் ஐம்பது. இருப்பது நகரத்தில், எழுதியிருப்பது ஒரு கிராமத்து முகவரி. விலை குறையும். விபத்து நடந்து கம்பனி விசாரிக்கும்போது எல்லாம் வெளியே வரும்.

மூன்று, என் மாணவனுக்கு நடந்தது. சரியான காப்புறுதியையே எடுத்துக் கொடுத்து, பரிசோதித்துப் பார்த்தவன் திருப்தியான பிறகு, ஆரம்ப நாட்களில் வாடிக்கையாளருக்கு இருக்கும் இரத்துச் செய்யும் உரிமையைப் பயன்படுத்தி இரத்துச் செய்து, மீளக் கிடைக்கும் பணத்தையும் எடுத்துக்கொள்வது. இரத்துக் கடிதம் தரகரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். ஓட்டுகிறவனுக்கு எதுவும் வராது.

இந்த வகை மோசடிகளைப் பிடிக்கவே லண்டன் சிட்டி பொலிஸில் 2012 ஜனவரியில் காப்புறுதி மோசடிக்கென்று ஒரு தனிப்பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இளைஞர்களும் புதிதாக அந்த நாட்டுக்கு வந்தவர்களும்தான் முக்கிய இலக்கு. அவர்களுக்குத்தான் கட்டணம் அதிகம், பழக்கம் குறைவு. சொந்த மொழியில் ஒருவர் பேசினால் மனம் இளகிவிடும்.

இது வாட்ஸ்அப் காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 1830களில் லண்டனில் "இன்டிபென்டன்ட் அண்ட் வெஸ்ட் மிடில்செக்ஸ்" என்றொரு காப்புறுதிக் கம்பனி தொடங்கப்பட்டது. கம்பீரமான அலுவலகம், சீருடைச் சிப்பந்திகள், மற்றவர்களை விட மலிவான விலை. உள்ளே ஒன்றுமே இல்லை. சில வருடங்களில் நம்பியவர்களின் சேமிப்போடு சரிந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843, 44இல் எழுதிய மார்ட்டின் சஸில்விட் நாவலில் வரும் போலிக் காப்புறுதிக் கம்பனிக்கு இதுதான் மாதிரி என்பார்கள். அந்த நாவலில் கம்பனியின் வாசலில் சிவப்பு மேற்சட்டையோடு ஒரு பருத்த காவலாளி நிற்பான். அவனைப் பார்த்தே ஆட்கள் நம்பிவிடுவார்கள். இன்றைக்கு அந்தக் காவலாளியின் வேலையை பிடிஎஃபில் இருக்கும் கம்பனிச் சின்னம் செய்கிறது.

*

இனி எங்கள் நாட்டுக்காரர்.

பெயர் எமில் சவுந்திரா. முழுப்பெயரில் சவுந்திரநாயகம். 1923இல் இலங்கையில் வசதியான கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். நல்ல கல்வி, நல்ல ஆங்கிலம், யாரையும் பேச்சிலேயே மயக்கிவிடும் திறமை. பெயருக்கு முன்னால் "டொக்டர்" என்று போட்டுக்கொள்வார். அது அவராகப் போட்டுக்கொண்டது.

இளம் வயதிலேயே சர்வதேச வர்த்தகத்துக்குள் போனார். 1950களில் அவர் செய்த ஒரு வேலையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். போர்த்துக்கேயரின் கீழ் இருந்த கோவாவுக்குக் கப்பல் நிறைய அரிசி அனுப்புவதாக ஒப்பந்தம். அந்தக் காலத்து வழக்கப்படி, சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்பதற்கான பத்திரத்தைக் காட்டினால் வங்கி பணம் கொடுக்கும். வங்கிக்காரர் துறைமுகத்துக்குப் போய் மூட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பார். பத்திரம் வந்தது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர வங்கி பணத்தைக் கொடுத்தது. கோவாவில் அரிசி இறங்கவில்லை. அரிசியே இருக்கவில்லை. பெல்ஜிய நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. உடல்நிலை சரியில்லை என்று தண்டனைக் காலம் முடிய முன்னரே வெளியே வந்துவிட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகு, 1963இல் லண்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனி தொடங்குகிறார். பெயர் ஃபயர், ஓட்டோ அண்ட் மரைன்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அன்றைய சட்டம் கேட்டது 50,000 பவுண் மூலதனத்தை மட்டும்தான். கம்பனி நடத்தப் போகிறவர் யார், முன்னர் என்ன செய்தார் என்று துருவிப் பார்க்கும் அதிகாரம் அரசாங்கத்துக்குப் பெரிதாக இருக்கவில்லை.

காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருந்தது. கார் வாங்கினால் காப்புறுதியும் வாங்கியே ஆக வேண்டும். 1960களில் சாதாரண தொழிலாளியும் கார் வாங்கத் தொடங்கினான். ஆனால் பெரிய கம்பனிகள் தமக்குள் ஒரு கட்டணப் பட்டியலை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே இறங்க மறுத்தன. வாங்காமல் இருக்க முடியாத ஒரு பொருள், விலையோ கைக்கு எட்டாத விலை. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மோசடிக்காரன் கடை போடுவான். 1963இலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

சவுந்திரா விலையை வெட்டினார். தரகர்களுக்கு மற்றக் கம்பனிகளை விட அதிகக் கமிஷன் கொடுத்தார். அதனால் தரகர்களே "இதை எடுங்க, இதுதான் நல்லது" என்று ஆட்களை அனுப்பினார்கள். மற்றக் கம்பனிகள் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர் கணினி வைத்தார். பணம் கொட்டியது. வீடு, ஆடம்பரக் கார்கள், பந்தய மோட்டார் படகுகள் என்று வாழ்ந்தார்.

இங்கே காப்புறுதி வியாபாரத்தின் இரகசியம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் அரிசி வாங்கினால், காசைக் கொடுக்கிறோம், அரிசி வருகிறது. கல் இருந்தால் அன்றைக்கே தெரியும். காப்புறுதியில் காசு முதலில் போகிறது, பொருள் எப்போதாவதுதான் வருகிறது. பலருக்கு வரவே வராது, அல்ஹம்துலில்லாஹ் என்று அவர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆகவே பொருள் நல்லதா கெட்டதா என்று வாங்கும்போது சோதிக்க முடியாது. விபத்து நடந்த நாளில்தான் தெரியும்.

வருகிற கட்டணம் நாளைய விபத்துகளுக்காகச் சேர்த்து வைக்கப்பட வேண்டிய அமானிதம். சவுந்திரா அதை இலாபம் போல எடுத்துச் செலவழித்தார். ஒரு பகுதி லீக்டன்ஸ்டைன் என்ற சின்ன நாட்டில் இருந்த தன்னுடைய நிறுவனத்துக்குப் போனது. இழப்பீடு கேட்டு வந்தவர்களுக்கு இழுத்தடிப்பு. புதிதாக வருகிறவனின் கட்டணத்தால் பழையவனின் கோரிக்கையைச் சமாளிப்பது. கட்டணம் குறைவு என்பதால் ஆட்கள் வரும் வேகம் நிற்கவே கூடாது. நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

1966 ஜூலையில் நின்றது. கம்பனியிடம் இருப்பதாகக் காட்டப்பட்ட அரசாங்கப் பிணையங்களைத் தேடினால், அவையும் போலி. அரிசி இல்லாத கப்பல் பத்திரம் போலவே, பணம் இல்லாத பிணையப் பத்திரம். சுமார் 4 இலட்சம் வாகன உரிமையாளர்கள் ஒரே நாளில் காப்புறுதி இல்லாதவர்களானார்கள்.

வீதியில் அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. காப்புறுதி இல்லாத வண்டியில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க, காப்புறுதிக் கம்பனிகள் எல்லாம் சேர்ந்து 1946இலேயே மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பை உருவாக்கியிருந்தன. ஆனால் நம்பிக் கட்டணம் கட்டியவர்களின் சொந்தக் கார் நட்டம், கட்டிய பணம், எல்லாம் காற்றோடு போனது.

அந்த நேரம் சவுந்திரா பிரித்தானியாவில் இல்லை. இலங்கைக்கும் வந்து போனார். 1967 தொடக்கத்தில் லண்டன் திரும்பி, பெப்ரவரி 3ஆம் திகதி டேவிட் ஃப்ரொஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு உட்கார்ந்தார். எதிரே பார்வையாளர் வரிசையில் அவரிடம் ஏமாந்தவர்கள். விபத்தில் கணவனை இழந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, தனக்குச் சட்டப் பொறுப்பும் இல்லை, தார்மீகப் பொறுப்பும் இல்லை என்ற தொனியில் பேசினார். பட்டிக்காட்டான்கள் என்ற பொருளில் அவர்களை இழிவாகவும் சொன்னார். நாடே கொதித்தது. சில நாட்களில் கைதானார்.

1968 மார்ச் 7ஆம் திகதி ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவருக்கு 8 வருடச் சிறையும் 50,000 பவுண் தண்டமும் விதித்தது. அவருடைய கூட்டாளிக்கும் சிறை. 1974இல் விடுதலையாகி 1976இல் இறந்துபோனார். வயது 53.

*

இந்த வழக்கில் என் மனதில் நிற்கும் இரண்டு பக்கக் கதைகள் இருக்கின்றன.

முதலாவது, மேன்முறையீட்டில் நீதிபதிகள் சொன்னது. அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்தார்கள். அதே நேரம், வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தும் ஒருவரைத் தொலைக்காட்சியில் வைத்து விசாரிப்பது ஆபத்தானது என்று கண்டித்தார்கள். தீர்ப்பு நீதிமன்றத்தில்தான் வர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. என் மாணவன் அந்தத் தரகரின் புகைப்படத்தையும் இலக்கத்தையும் எனக்கு அனுப்பி, "சேர், போடுங்க" என்றான். நான் போடவில்லை. அந்தப் புகைப்படமே வேறு யாரோ அப்பாவியிடம் திருடியதாக இருக்கலாம். பொலிஸில் கொடு மகன் என்றேன், கொடுத்துவிட்டான்.

இரண்டாவது, அவருடைய நிறம். சவுந்திரா சிறைக்குப் போய் ஆறு வாரத்தில், 1968 ஏப்ரல் 20ஆம் திகதி, ஈனொக் பவல் குடியேறிகளுக்கு எதிரான தன்னுடைய பிரபலமான உரையை பேர்மிங்ஹாமில் நிகழ்த்தினார். அப்படிப்பட்ட காலத்தில் பழுப்பு நிறத் தோலுடைய ஒருவர் 4 இலட்சம் பேரை நடுத்தெருவில் விட்டார் என்றால், அந்தச் சுமையைச் சுமந்தது யார்? நேர்மையாக பஸ் ஓட்டிக்கொண்டும் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டும் இருந்த ஆயிரக்கணக்கான ஆசிய நாட்டவர்கள்தான். ஒருவன் செய்ததற்கு ஓர் ஊரே பதில் சொல்ல வேண்டி வருவது என்ன என்று, 2018 மார்ச்சை திகனையிலும் அக்குறணையிலும் பார்த்த எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் "தமிழர் என்றாலே இப்படித்தான்" என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். சவுந்திராவுக்கு முன்னர் நான் சொன்ன 1830களின் கள்ளர்கள் சுத்த ஆங்கிலேயர்கள்.

*

பிறகு என்ன நடந்தது? 1967இன் கம்பனிச் சட்டம் மூலதனத்தை 100,000 பவுணாக உயர்த்தி, கம்பனிகளைக் கண்காணிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அதுவும் போதவில்லை. 1971 மார்ச்சில் வெஹிக்கிள் அண்ட் ஜெனரல் என்ற இன்னொரு மலிவு விலைக் கம்பனி விழுந்து, மேலும் பல இலட்சம் பேர் நின்ற நிலையில் காப்புறுதி இழந்தார்கள். அதன் பிறகு, 1975இல்தான் காப்புறுதி எடுத்தவர்களைப் பாதுகாக்கும் தனிச்சட்டம் வந்தது. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் கவனித்தது, சட்டம் எப்போதும் கள்ளனுக்கு ஓர் அடி பின்னால்தான் நடக்கிறது. கம்பனிகளின் வாசலைப் பூட்டினார்கள், தரகன் யன்னலால் வந்துவிட்டான்.

எங்கள் நாட்டில் அதே 1960களில் நடந்தது நேர் எதிர்மாறு. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவானது. 1962இல் ஆயுள் காப்புறுதியும், 1964இல் மோட்டார் உட்பட்ட பொதுக் காப்புறுதியும் அரசாங்கத்தின் கைக்குள் வந்தன. சவுந்திரா லண்டனில் விலை வெட்டிக்கொண்டிருந்த நாட்களில், கண்டியில் ஒருவர் மொரிஸ் மைனர் காருக்குக் காப்புறுதி எடுப்பதென்றால் ஒரே ஒரு வாசல்தான். தெரிவு இல்லை, போட்டி விலை இல்லை, ஆனால் இது உண்மையான கம்பனியா என்ற சந்தேகமும் இல்லை. 1980களின் கடைசியில் தனியார் கம்பனிகள் மறுபடியும் வந்தன. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் சபை வந்தது. இன்று அதற்கு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று பெயர்.

இங்கே மூன்றாம் தரப்புக் கட்டணம் பெரும்பாலும் வண்டியின் வகையைப் பார்த்துத்தான், ஓட்டுகிறவனின் வயதைப் பார்த்தல்ல. அதனால் பிரித்தானியாவில் போல இளைஞனுக்கென்று தனியாகப் பேய் விலை இல்லை. ஆனால் வேறொரு பலவீனம் எங்களிடம் இருக்கிறது. வருடத்துக்கொரு தடவை வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போதுதான் பலருக்குக் காப்புறுதி ஞாபகமே வரும். கங்கவட்டக் கோறளைச் செயலகத்தில் வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன்: "பொலிஸுக்குக் காட்ட ஒரு பேப்பர் ஈந்தா போதும் நானா." கேட்பவனுக்கே காகிதம் மட்டும் போதும் என்றால், கொடுப்பவன் காகிதத்தை மட்டும்தான் கொடுப்பான்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது பொலிஸுக்குக் காட்டுவதற்காக அல்ல. வண்டியில் இருப்பவர் ஒரு தரப்பு, கம்பனி இன்னொரு தரப்பு. மூன்றாம் தரப்பு யார்? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வீதியைக் கடக்கும் உம்மா. பாடசாலை விட்டு வரும் பிள்ளை. மழை நேரம் கடுகண்ணாவை இறக்கத்தில் முன்னால் போகும் மோட்டார் சைக்கிள்காரர். அந்தத் தரகரை அவர்கள் கண்டதும் இல்லை, அந்தப் பேரம் பேசியதும் இல்லை. காகிதம் போலி என்றால் கால் போனவருக்கு வைத்தியச் செலவு யார் தருவது? ஓட்டியவன் கையிலிருந்து தர வேண்டும். இருபது வயதுப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? வாப்பாவின் வீட்டு உறுதிதான்.

*

என் மாணவனோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

1. பணத்தைத் தனி ஆளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். கம்பனியின் கணக்குக்கு, அல்லது கம்பனிக் கிளையில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். முகவர் உண்மையானவராக இருந்தாலும், வாங்கிய காசை உரிய நேரத்தில் கம்பனிக்குக் கட்டாமல் வைத்துக்கொண்டால் கஷ்டப்படுவது நீங்கள்.

2. ஆவணத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காதீர்கள், அதுவும் அவருடையதாக இருக்கலாம். கம்பனியின் இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து, வண்டி இலக்கத்தையும் காப்புறுதி இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

3. ஒரு தடவை கேட்டது போதாது. ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். இந்த இடத்தில்தான் என் மாணவன் விழுந்தான்.

4. ஆவணத்தில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் தொலைபேசியும் இருக்க வேண்டும், தரகருடையது அல்ல. வயது, முகவரி, தொழில் எல்லாம் உண்மையாக இருக்கிறதா என்று வரி வரியாக வாசியுங்கள். பொய் எழுதியிருந்தால் விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

5. தரகர் என்று சொல்கிறவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பிரித்தானியாவில் நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இங்கே காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம்.

6. மற்ற எல்லாரும் 2,000 கேட்கும்போது ஒருவர் மட்டும் 650 கேட்டால், அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று கேளுங்கள். 1960களில் 4 இலட்சம் பேர் கேட்காத கேள்வி அது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளை நான்கு நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான். பிடித்துவைத்த காருக்கு ஒவ்வொரு நாளும் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் காரே போய்விடும். ஏசுவார்கள் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. மோசடிக்காரனுக்கு இந்த மௌனம் பெரிய உதவி. ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அடுத்தவனை அதே குழுவில் தேடலாம்.

வாப்பாவிடம் நீயே சொல் என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லியிருக்கிறான். அவர் வயதானவர், ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிறார். ஏசுவார் என்று நானும் பயந்துதான் இருந்தேன். முதலில் கேட்டது இவ்வளவுதானாம்:

"காரு போனா போகட்டும். அந்த நாலு மாசத்தில யாருக்கும் படல்லியே மகன்?"

படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவன் மறுபடியும் எழுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பஸ்ஸில் வேலைக்குப் போகிறான், பகல் நேர வேலையாக மாற்றிக் கேட்டிருக்கிறான்.

உங்கள் பிள்ளைகள் இருக்கும் குழுக்களில் இதைப் பகிர்ந்துவிடுங்கள். இப்படி ஏதாவது உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ நடந்திருந்தால் ஆட்களின் பெயர் போடாமல் கீழே எழுதுங்கள். எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும், அடுத்த பிள்ளை தப்பிக்கொள்ளும்.